படிவம் அப்புறம், முதலில் ஊர்: அபோரிஜினல் நோயாளிகளோடு கடைசிக்காலச் சிகிச்சையைத் திட்டமிட ஒரு வழிகாட்டி

எங்கள் ஊரில் புதிதாக யாராவது வந்தால் ஆச்சி கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஊரு?" அடுத்தது, "யாரு வீட்டுப் பிள்ளை?" பெயரெல்லாம் அதற்கப்புறம்தான். நர்ஸ் வேலைக்கு ஆஸ்திரேலியா வந்து, வடக்கே ஒரு மருத்துவமனையில் சேர்ந்த புதிதில் இந்த இரண்டு கேள்விகளையும் மறந்துவிட்டு, கையில் படிவத்தோடு ஒரு அபோரிஜினல் (ஆஸ்திரேலியப் பூர்வகுடி) பாட்டியின் கட்டிலருகே போய் நின்றேன். டயாலிசிஸ் நோயாளி. ஊர் பாலைவனத்தில் எங்கோ தொலைவில். "இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அமுக்கிப் பார்க்கட்டுமா?" என்றேன். "யெஸ்." "இல்லை, அதெல்லாம் வேண்டாமா?" "யெஸ்." "ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோகலாமா?" "யெஸ்." பத்து நிமிடத்தில் படிவம் நிரம்பிவிட்டது. மறுநாள் காலை கட்டில் காலி. யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார்.

அந்த "யெஸ்" நமக்குத் தெரியாததா என்ன? பெரிய டாக்டர் எது சொன்னாலும் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து "என்னடா சொன்னாரு?" என்று மகனைக் கேட்கிற அப்பாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். அதிகாரத்தில் இருப்பவர் கேட்டால் ஆமாம் சொல்லி அந்த இடத்தைவிட்டுத் தப்பிப்பது ஒரு தற்காப்பு. அது சம்மதம் ஆகாது.

ஆஸ்திரேலியாவில் நர்ஸாக, டாக்டராக, முதியோர் பராமரிப்பு ஊழியராக, சமூகப் பணியாளராக இருக்கிற தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அறிந்தது வட மண்டலம், அதாவது நார்தர்ன் டெரிட்டரி. அங்கே மக்கள்தொகையில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் அபோரிஜினல் மக்கள். சட்டத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த மண்டலத்துக்கு உரியது. மற்ற மாநிலங்களில் படிவமும் சாட்சி விதிகளும் வேறு.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

வெள்ளையர் குடியேற்றம் 1788-ல் தொடங்கியபோது இந்தக் கண்டத்தில் 250-க்கு மேற்பட்ட மொழிகள் இருந்தன. ஆக, "அபோரிஜினல் கலாசாரம்" என்று ஒற்றையாக ஒன்று கிடையாது. ஆர்ன்ஹெம் லேண்டின் யோல்ஙு மக்களின் வழக்கம் மேற்குப் பாலைவனத்தின் பின்டுபி மக்களுக்குப் பொருந்தாது. டாரஸ் நீரிணைத் தீவு மக்கள் இருவரிலிருந்தும் வேறுபட்டவர்கள். டார்வினில் பிறந்து வளர்ந்து அலுவலக வேலை பார்ப்பவர் இன்னொரு விதம். பலர் ஆழ்ந்த கிறிஸ்தவர்கள். சிலருக்குப் பாதிரியாரும் வேண்டும், ஙங்காரி என்கிற பாரம்பரிய வைத்தியரும் வேண்டும். எனவே இங்கே நான் சொல்லும் எந்த வழக்கத்தையும் விடையாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள், கேள்வியாக எடுத்துப் போங்கள்.

அடுத்து, காகிதம். அரசாங்க ஆட்கள் காகிதத்தோடு வந்தால் பிள்ளைகளைப் பறிகொடுக்க வேண்டியிருந்த தலைமுறைகள் இவர்கள். ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை நடந்த அந்தக் கொடுமையைப் பற்றி 1997-ல் விசாரணை அறிக்கை வந்தது. நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13 அன்று. உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கு இது பாடப்புத்தகச் சரித்திரம் இல்லை, அவர் அக்கா கதை. கையெழுத்துக் கேட்டதும் முகம் மூடிக்கொண்டால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. வட மண்டலம் 1995-ல் கருணைக்கொலைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 1996 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, 1997 மார்ச்சில் மத்திய நாடாளுமன்றம் அதை முடக்கியது. நடைமுறையில் இருந்தது ஒன்பது மாதமும் முழுதாக இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்ற பயம் அப்போது அபோரிஜினல் ஊர்களில் பரவியது. பேச்சைத் தொடங்கும்போதே, "உங்களை முடித்துவைப்பதைப் பற்றி நாங்கள் பேச வரவில்லை, உங்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்க வந்திருக்கிறோம்" என்று சொல்லிவிடுவது நல்லது.

1. நேரத்தைப் பிடியுங்கள்

"இவர் அடுத்த ஒரு வருடத்துக்குள் இறந்துபோனால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?" பாலியேட்டிவ் கேரில், அதாவது குணமாக்க முடியாத நோயில் வேதனையைக் குறைக்கும் பராமரிப்பில், டாக்டர்கள் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. இருக்காது என்று தோன்றினால் நேரம் வந்துவிட்டது. டயாலிசிஸ் தொடங்கலாமா என்ற பேச்சு எழும்போது, ஒரே வருடத்தில் இரண்டு மூன்று முறை ஊரிலிருந்து அவசர மருத்துவ விமானத்தில் தூக்கிவரப்பட்டால், புற்றுநோய் பரவியது உறுதியானால், அப்போதெல்லாம் தொடங்கலாம்.

நடுராத்திரி விமானத்தில் வந்து இறங்கி, மூச்சுத் திணறிக்கொண்டு, துணைக்கு ஆள் இல்லாமல், குளிரூட்டிய அறையில் நடுங்கிக்கொண்டிருப்பவரிடம் தொடங்காதீர்கள். நெருங்கிய சொந்தத்தில் சாவு விழுந்து துக்கம் காத்துக்கொண்டிருப்பவரிடமும் வேண்டாம். துக்க காலத்தை இங்கே சாரி பிசினஸ் என்பார்கள். அது ஒருநாள் சடங்கோடு முடிவதில்லை, வாரக்கணக்கிலும் போகும்.

2. சரியான ஆள் யார் என்று கண்டுபிடியுங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான். நான் தப்புச் செய்ததும் இங்கேதான்.

மருத்துவமனைப் படிவத்தில் "நெருங்கிய உறவினர்" என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும். கட்டிலருகே இருக்கும் மகளின் பெயரை அதில் எழுதிவிட்டு, எல்லாவற்றையும் அவளிடமே கேட்போம். அந்த மகளுக்கு இதைப் பற்றிப் பேசும் உரிமையே இல்லாமல் இருக்கலாம்.

இந்த உறவுமுறையைப் புரிந்துகொள்வதில் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சின்னம்மா, அதாவது எல்லாரும் அம்மாக்கள். அப்பாவின் சகோதரர்கள் பெரியப்பா, சித்தப்பா. தாய்மாமன் கணக்கு தனி. இங்கும் பெரும்பாலான மக்களிடம் அம்மாவின் சகோதரி அம்மாதான், அவர் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியேரா மக்களுடைய உறவுமுறையைத் திராவிட உறவுமுறையோடு ஒப்பிட்டு மானுடவியலாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். "அம்மா நாளைக்கு வர்றாங்க" என்று நோயாளி சொல்லும்போது, "உங்கள் அம்மா இறந்துவிட்டதாகக் கோப்பில் இருக்கிறதே" என்று குழம்பும் வெள்ளைக்கார நர்ஸைவிட நமக்கு இது சீக்கிரம் பிடிபடும். பல இடங்களில் தாய்மாமன் சொல்லுக்கு எடை அதிகம். இதையும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சலுகை ஒரு எல்லை வரைதான். மாமியாரும் மருமகனும் பேசிக்கொள்ளக் கூடாது, ஒரே அறையில் இருக்கவே கூடாது என்பது பல சமூகங்களில் கறாரான விதி. குடும்பக் கூட்டம் என்று எல்லாரையும் ஒரே அறைக்குள் கூட்டி உட்கார வைத்தால், பேச வேண்டிய முக்கியமான ஆள் வாசலைத் தாண்ட மாட்டார். வரவில்லையே, அக்கறை இல்லையோ என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். தேவைப்பட்டால் இரண்டு அறை, இரண்டு அமர்வு வையுங்கள். ஆண்கள் சமாச்சாரம், பெண்கள் சமாச்சாரம் என்ற பிரிவும் உண்டு. ஒரு பெரியவரிடம் சிறுநீர்க் குழாயைப் பற்றிப் பெண் நர்ஸான நான் பேசினால் அவருக்கு அது தாங்க முடியாத வெட்கம்.

நடைமுறையில் முதல் போன் அபோரிஜினல் லயசன் ஆபீசருக்குப் போகட்டும். நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் இடையே பாலமாக இருப்பவர் அவர், வார்டில் ஏ.எல்.ஓ. என்பார்கள். பிறகு நோயாளியின் ஊர்க் கிளினிக்கில் இருக்கும் அபோரிஜினல் ஹெல்த் பிராக்டிஷனரிடம், அதாவது அபோரிஜினல் சுகாதாரப் பணியாளரிடம் பேசுங்கள். "இவரைப் பற்றிப் பேச உரிய ஆட்கள் யார்? யாரைச் சேர்த்து உட்கார வைக்கக் கூடாது? யாரிடம் முதலில் சொல்ல வேண்டும்?" இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நோயாளியிடமும் கேளுங்கள். ஏனென்றால் கடைசி வார்த்தை அவருடையது. உறவினர் கூடி முடிவெடுப்பது வழக்கம் என்பதற்காக, தனியாக முடிவெடுக்க விரும்பும் ஒருவரை உறவினர் கூட்டத்துக்குள் தள்ளுவதும் தப்புதான்.

பழி என்ற விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் படியை முடிக்க முடியாது. பல சமூகங்களில் ஒரு சாவு "சும்மா" நடப்பதில்லை, அதற்கு யாராவது காரணமாக இருப்பார்கள். மெஷினை நிறுத்தச் சம்மதித்தவள் என்று ஒரு மகளின் பெயர் வெளியே தெரிந்தால், துக்க வீட்டில் அவள் கதி என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே "நீ சொல், நிறுத்தலாமா?" என்று தனி ஆளை ஒருபோதும் கேட்காதீர்கள். மருத்துவ முடிவின் பாரத்தை டாக்டர் தன் தோளில் எடுத்துக்கொள்ள வேண்டும்: "இந்த மெஷின் இனி உதவாது என்பது எங்கள் முடிவு. அவரை எங்கே, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எல்லாரும் சேர்ந்து பேசலாம்." கோப்பில் எழுதும்போதும் யார் யார் இருந்தார்கள், எல்லாரும் சேர்ந்து என்ன பேசினார்கள் என்று எழுதுங்கள்.

3. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நகராதீர்கள்

"இங்கிலீஷ் நல்லாத்தானே பேசுகிறார்" என்பது காதில் அடிக்கடி விழும். கடையில் பேசும் இங்கிலீஷும் சாவைப் பற்றிப் பேசும் இங்கிலீஷும் ஒன்றா? வடக்கே பரவலாகப் பேசப்படும் கிரியோல் என்ற மொழி இங்கிலீஷ் மாதிரியே கேட்கும். ஆனால் அதில் "கிலிம்" என்றால் அடிப்பது. கொல்வதற்கு "கிலிம் டெட்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். "ஃபினிஷ்" என்றால் இறந்துபோவது. "உங்கள் சிகிச்சை ஃபினிஷ் ஆகிவிட்டது" என்று நீங்கள் சாதாரணமாகச் சொன்ன வாக்கியம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்?

வட மண்டல அரசின் அபோரிஜினல் மொழிபெயர்ப்புச் சேவை வார்ல்பிரி, பிட்ஜண்ட்ஜாரா, அரெர்ண்டெ, திவி, கிரியோல் எனப் பல மொழிகளுக்கு ஆள் தரும். அழைக்கும்போதே ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருபவருக்கும் நோயாளிக்கும் என்ன முறை என்றும் கேளுங்கள், பேசக் கூடாத முறையாக இருக்கலாம். கூட்டத்துக்கு முன் பதினைந்து நிமிடம் அவரோடு உட்கார்ந்து என்ன சொல்லப் போகிறீர்கள் என்று விளக்குங்கள். "கெட்ட செய்தியை நேராகச் சொல்வது உங்கள் மொழியில் முறையா, சுற்றிச் சொல்வது முறையா?" என்று அவரையே கேட்கலாம். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது வேண்டவே வேண்டாம். பாட்டி சாகப்போகிறாள் என்று பாட்டியிடமே சொல்லும் வேலையைப் பதினாறு வயதுப் பிள்ளைமேல் போடலாமா?

4. உட்காருங்கள், பேச்சு தானாக வரட்டும்

இங்கே பேச்சுக்கு யார்னிங் என்று பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவில் உருவான "கிளினிக்கல் யார்னிங்" என்ற முறை அதை மூன்றாகப் பிரிக்கிறது: முதலில் ஊர், உறவு பற்றிய பேச்சு, பிறகு நோயின் கதை, கடைசியில் என்ன செய்யலாம் என்பது. நம் ஆட்களுக்கு முதல் பகுதி கைவந்த கலை. "நான் திருநெல்வேலி பக்கம், எங்கள் ஊரில் ஆறு ஒன்று உண்டு, அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார், நான் இவ்வளவு தூரம் தள்ளி" என்று நான் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எதிரே இருப்பவர்கள் என்னை ஒரு மனுஷியாகவே பார்க்கத் தொடங்கினார்கள். நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள் என்று சொல்லாமல் அவர்களுடைய அந்தரங்கத்தைக் கேட்பது மரியாதை இல்லை.

முடிந்தால் வெளியே, மரத்தடியில் உட்காருங்கள். எதிரெதிராக வேண்டாம், பக்கவாட்டில். கண்ணுக்குள் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். கேள்வி கேட்டுவிட்டு மௌனம் வந்தால் அதை நிரப்பாதீர்கள். டேலி நதிக்கரையைச் சேர்ந்த மூத்தவர் மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பௌமன் "தாதிரி" என்ற சொல்லை ஆஸ்திரேலியா முழுவதும் அறியச் செய்தவர். அமைதியாக இருந்து ஆழ்ந்து கேட்பது என்று அதற்குப் பொருள். வார்டில் இருபது நிமிட மௌனத்துக்கு யாரும் நேரம் தர மாட்டார்கள் என்பது தெரியும். இரண்டு நிமிடமாவது தாக்குப்பிடியுங்கள். முதல் நாள் நோயைப் பற்றிய பேச்சே வராமல் போகலாம், போகட்டும்.

"ஆன்ட்டி", "அங்கிள்" என்று மூத்தவர்களை அழைப்பது அங்கே மரியாதை. ஆனாலும் அப்படிக் கூப்பிடலாமா என்று கேட்டுவிட்டு அழையுங்கள்.

5. எதை, எப்படிக் கேட்பது

"உனக்கு இது வந்தால்" என்று நேராகச் சொல்வது சிலருக்குச் சாவைக் கைதட்டி அழைப்பது போல. நம் வீட்டில் "வாயைக் கழுவு" என்பார்களே, அதே உணர்வு. மூன்றாம் மனிதர் கதையாகப் பேசினால் இறங்கி வருவார்கள்: "சில குடும்பங்களில் ரொம்பவும் முடியாமல் போகும்போது ஊருக்குப் போக வேண்டும் என்கிறார்கள். சிலர் டவுனிலேயே இருக்கிறோம் என்கிறார்கள். உங்கள் பக்கத்தில் எப்படி?"

எவ்வளவு சொல்லலாம் என்பதை முதலில் கேளுங்கள். "உங்கள் உடம்பைப் பற்றி டாக்டர் சொல்வதை நீங்களே கேட்க வேண்டுமா, வேறு யாராவது கேட்டுக்கொண்டு உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?" கேட்க விரும்பாத உரிமையும் உரிமைதான்.

இதற்குக் கருவிகளும் இருக்கின்றன. பாலியேட்டிவ் கேர் ஆஸ்திரேலியாவின் "டையிங் டு டாக்" திட்டத்தில் அபோரிஜினல், டாரஸ் நீரிணைத் தீவு மக்களுக்கென்றே சீட்டுக்கட்டு உண்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விருப்பம். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நோயாளி தானே பிரித்து வைப்பார். கேள்விக்குப் பதில் சொல்வதைவிட சீட்டை நகர்த்துவது எளிது. "யெஸ்" என்ற பிரச்சினையும் இதில் குறைவு. ஆமாம்-இல்லை வகைக் கேள்விகளைக் கூடிய மட்டும் தவிருங்கள். முடிவில் "நான் சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை, அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வீர்கள், எனக்கும் சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்டுப்பாருங்கள்.

6. ஊருக்குப் போகும் வழி

இங்கிலீஷில் "கன்ட்ரி" என்று அவர்கள் சொல்லும்போது நாடு என்று அர்த்தமில்லை. மண், நீர்ச்சுனை, மூதாதையர், கதைகள், அவற்றைக் காக்கும் கடமை, எல்லாம் சேர்ந்தது அது. அங்கே முடிய வேண்டும் என்பது பலரின் முதல் விருப்பம். சிகிச்சையைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் தோள் குலுக்குகிறவர்கள் இதற்கு மட்டும் உடனே பதில் சொல்வார்கள்.

மேற்குப் பாலைவன மக்கள் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. டயாலிசிஸுக்காக கின்டோர், கிவிர்குரா என்ற பாலைவன ஊர்களிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு வந்தவர்கள் ஊரைப் பிரிந்து ஏங்கிப்போனார்கள். ஓவியர்கள் சேர்ந்து பெரிய ஓவியங்கள் வரைந்து, 2000 நவம்பரில் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏலம் விட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004-ல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. பர்ப்பிள் ஹவுஸ் என்று இன்று அறியப்படும் அமைப்பு இப்படி உருவானதுதான். டயாலிசிஸ் மெஷின் ஏற்றிய ஒரு லாரியும் அவர்களிடம் உண்டு. உங்கள் நோயாளி சிறுநீரக நோயாளி என்றால், "ஊருக்குப் போக வழியில்லை" என்று சொல்லுமுன் அவர்களைக் கேளுங்கள்.

ஆசையைப் படிவத்தில் எழுதினால் மட்டும் யாரும் ஊர் போய்ச் சேர மாட்டார்கள். கின்டோர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி மண்சாலை. வடகோடியில் மழைக்காலத்தில் சாலையே இருக்காது. அதனால் கீழே உள்ளவற்றை உடம்பு ஓரளவு நன்றாக இருக்கும்போதே கேட்டு முடித்துவிட வேண்டும்.

முதலில் நாள் கணக்கு. டயாலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் முடிவு வரும், சிலருக்கு இன்னும் சீக்கிரம். நிறுத்துவது என்று முடிவான பிறகு விமானம் தேடினால் பாதி நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விடும். கடைசி டயாலிசிஸ் முடிந்த மறுநாளே கிளம்புகிற மாதிரி எல்லாம் தயாராக இருக்க வேண்டும். யார் கூட வருவது, பயணச் செலவை எந்தத் திட்டம் ஏற்கும் என்பதும் முன்பே தெரிய வேண்டும்.

அப்புறம் வீடு. ஆக்சிஜன் மெஷினுக்கு மின்சாரம் வேண்டும். தொலைதூர ஊர்களில் பல வீடுகளில் முன்பணம் போட்டு ஓடும் மீட்டர். பவர் கார்டில் பணம் தீர்ந்தால் கரண்ட் போய்விடும், நடுராத்திரியானாலும் சரி. ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு எழுதும் எந்தத் திட்டத்திலும் இது வராது. கட்டில் வேண்டுமா, வெளியே மெத்தை போட்டுப் படுக்க விருப்பமா? ஒரே வீட்டில் பதினைந்து பேர் இருந்தால் அமைதியான இடம் எது? மார்ஃபின் வீட்டில் இருக்குமா, கிளினிக் பூட்டிய அலமாரியிலா? ராத்திரி யார் சாவியோடு வருவார்?

மார்ஃபினைப் பற்றித் தனியாகப் பேசிவிடுங்கள். கடைசி ஊசி போட்ட நர்ஸோ, போடச் சொன்ன மருமகளோதான் கொன்றுவிட்டாள் என்ற பேச்சு வராமல் இருக்க வேண்டுமானால், அது வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் உரிய மருந்து, சாவைக் கொண்டுவரும் மருந்தல்ல என்பதை உரிய பெரியவர்கள் முன்னிலையில், ஊசி தேவைப்படுவதற்குப் பல நாள் முன்னாலேயே விளக்க வேண்டும்.

ஊர்க் கிளினிக் நர்ஸிடம் "உங்களால் முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். சில இடங்களில் இரண்டே பேர் இருப்பார்கள். அவர்களுக்கு எந்த நேரமும் போனில் டாக்டர் கிடைப்பார் என்று உறுதி செய்யாமல் நோயாளியை அனுப்புவது கைகழுவுவதற்குச் சமம்.

கடைசியாக, மாற்றுத் திட்டம். ஊரில் வேறொரு சாவு விழுந்து எல்லாம் மூடியிருந்தால்? விமானம் வராவிட்டால்? "ஊருக்குப் போக முடியாமல் போனால் அடுத்தபடியாக எங்கே?" என்ற கேள்வியைக் கேட்க மனம் வராது. கேளுங்கள். சொந்தக்காரர்கள் இருக்கும் வேறு ஊராக இருக்கலாம். ஆஸ்பத்திரியிலேயே, வெளியே கட்டிலை உருட்டிக் கொண்டுபோய் வானத்தைப் பார்க்க வைத்தால் போதும் என்று இருக்கலாம். சிலர் ஊரில் சாக வேண்டாம் என்பார்கள். சாவு நடந்த வீட்டைவிட்டு எல்லாரும் வெளியேற வேண்டிவரும், பேரப்பிள்ளைகள் எங்கே போவார்கள் என்ற கவலை அது.

7. மெஷின்களைப் பற்றி

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சி.பி.ஆர். (நின்ற இதயத்துக்கு நெஞ்சை அமுக்குவது), மூச்சுக் குழாய், டயாலிசிஸ், மறுபடி விமானத்தில் தூக்கி வருவது, ஒவ்வொன்றையும் படம் வரைந்து விளக்குங்கள். கடைசியாகச் சொன்னதுதான் நடைமுறையில் முக்கியம். ஊரில் திடீரென்று மோசமானால் கிளினிக் நர்ஸ் செய்யும் முதல் வேலை விமானத்தை அழைப்பது. "மறுபடி டவுனுக்குக் கொண்டுபோக வேண்டாம்" என்று நோயாளி சொல்லியிருந்தால், அது விமானச் சேவைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

8. இப்போது படிவத்தை எடுங்கள்

வட மண்டலத்தில் இதற்கான ஆவணம் அட்வான்ஸ் பர்சனல் பிளான். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. 18 வயது நிறைந்த, புரிந்து முடிவெடுக்கும் திறனுள்ள எவரும் எழுதலாம். இதில் மூன்று வேலைகள் செய்யலாம்: சிகிச்சை பற்றிய முடிவுகளை முன்கூட்டியே பதிவு செய்வது, தன் விருப்பங்களையும் நம்பிக்கைகளையும் எழுதிவைப்பது, தனக்காக முடிவெடுக்க ஆளை நியமிப்பது. ஒருவருக்கு மேலும் நியமிக்கலாம் என்பதை மறக்காதீர்கள். பழி ஒரே தலையில் விழாமல் இருக்க அது உதவும். சட்டம் ஏற்கும் சாட்சி முன்னிலையில்தான் கையெழுத்து. யார் சாட்சியாகலாம் என்று சமூகப் பணியாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எதுவும் எழுதாமலே பேச்சிழந்துவிட்டால்? 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஹெல்த் கேர் டெசிஷன் மேக்கிங் சட்டம், அபோரிஜினல் வழக்காறுப்படி உரியவராகக் கருதப்படும் உறவினரையும் முடிவெடுப்பவராக ஏற்கிறது. இரண்டாம் படியில் நீங்கள் எழுதிவைத்த பெயர்கள் அன்றைக்கு உதவும்.

விருப்பங்கள் என்ற பகுதியில் அவர்கள் சொன்ன வார்த்தைகளையே எழுதுங்கள். "நோயாளி இயற்கையான மரணத்தை விரும்புகிறார்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "மெஷின் வேலை செய்யாவிட்டால் என்னை என் அப்பாவின் ஊருக்கு அனுப்புங்கள், தங்கைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுதினால், அதிகாலை மூன்று மணிக்குக் கோப்பைத் திறக்கும் இளம் டாக்டருக்கும் புரியும். கையெழுத்துப் போட விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். பேசியதைக் கோப்பில் விவரமாக எழுதுங்கள், ஒலிப்பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். ஒன்றுமே இல்லாததைவிட அது எவ்வளவோ மேல்.

9. ஆவணம் பயணம் செய்யட்டும்

டவுன் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் தூங்கும் திட்டத்தால் பயனில்லை. ஊர்க் கிளினிக், டயாலிசிஸ் யூனிட், விமானச் சேவை, குடும்பத்தில் நம்பகமான இரண்டு பேர், எல்லாரிடமும் பிரதி இருக்கட்டும். மை ஹெல்த் ரெக்கார்ட் என்ற நாடு தழுவிய மின்-மருத்துவப் பதிவிலும் ஏற்றலாம். இந்த மக்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள். மேற்கு ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலியா எல்லையெல்லாம் அவர்களுக்கு நேற்று போட்ட கோடு. ஒவ்வொரு முறை உடம்பு மோசமாகும்போதும், குடும்பத்தில் ஒரு மூத்தவர் இறக்கும்போதும் திட்டத்தை மறுபடி பேசுங்கள். முடிவெடுப்பவராக எழுதப்பட்டவரே இறந்துபோயிருக்கலாம்.

10. கடைசி நாட்களும் அதற்குப் பிறகும்

இதையும் முன்பே கேட்டிருக்க வேண்டும், கேட்காவிட்டால் இப்போதாவது கேளுங்கள். யார் தொடலாம், யார் உடம்பைக் கழுவலாம், எந்தப் பாட்டு, எந்த ஜெபம்? ஆஸ்பத்திரியில் இறந்தால் அந்த அறையில் புகையிடும் சடங்கு வேண்டுமா? வேண்டுமென்றால் பராமரிப்புப் பிரிவுக்கு முன்பே சொல்லுங்கள், புகை அலாரத்தைத் தற்காலிகமாக அணைக்க வேண்டும். அந்த நேரத்தில் போய்க் கேட்டால் ஆள் கிடைக்காது.

இறந்தவரின் பெயரை உச்சரிப்பதைப் பல சமூகங்கள் தவிர்க்கின்றன. மத்திய ஆஸ்திரேலியாவில் குமஞ்சாயி போன்ற மாற்றுப் பெயர் வைத்துச் சொல்வார்கள். அதே பெயருள்ள உயிரோடிருப்பவரும் அந்த மாற்றுப் பெயருக்கு மாறிவிடுவார். என்ன சொல்லி அழைப்பது, படங்களை என்ன செய்வது என்று குடும்பத்தைக் கேளுங்கள். வார்டின் வெள்ளைப் பலகையிலிருந்து பெயரை உடனே அழியுங்கள். கதவிலிருக்கும் சீட்டு, மருந்துத் தட்டு லேபிள், சாப்பாட்டுப் பட்டியல், இதெல்லாம் மறந்துபோகும். ஒருமுறை இறந்து மூன்று மணி நேரம் கழித்து மதியச் சாப்பாட்டுத் தட்டு வந்தது. கொண்டுவந்தவர் தாழ்வாரத்தில் நின்று அந்தப் பெயரைச் சத்தமாக இரண்டு தடவை கூப்பிட்டார். தங்கைகள் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்கள். சமையலறைக்குப் போன் செய்ய வேண்டியவள் நான். அன்றிலிருந்து என் பட்டியலில் முதலில் இருப்பது சமையலறைதான்.